தானாக ஓடும் இன்சுலின் பம்ப்: ராத்திரி ராஜா, மதியம் மந்தம்

சென்சார் காட்டும் சர்க்கரை அளவைப் பார்த்துத் தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் பம்ப்பை வாங்கலாமா என்று டைப் 1 நீரிழிவு உள்ள நண்பர் ஒருவர் கேட்டார். விலை, பேட்டரி எல்லாம் அவருக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம்: தாமதம்.

நானும் இந்தப் பம்ப்பை மாட்டியிருப்பவன்தான். ஆலையில் பி.ஐ.டி. லூப்களை, அதாவது அளவைப் பார்த்துத் தானாகவே திருத்திக்கொள்ளும் கட்டுப்பாடுகளை, டியூன் செய்து பிழைப்பவன். அதனால் எரிச்சல் கொஞ்சம் கூடுதல்தான். சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் இருக்கும் திசுநீரை. அங்கேயே சில நிமிடங்கள் போய்விடும். இன்சுலினுக்கு 'அதிவேகம்' என்று பெயர். தோலுக்கடியில் இறக்கினால் உச்சம் தொட ஒரு மணி நேரம் போல, அடங்க இன்னும் சில மணி நேரம். இட்லி அதுவரை காத்திருக்குமா? ஏறுகிறதே என்று பம்ப் அவசரப்பட்டுத் தள்ளினால், சர்க்கரை இறங்கிய பிறகும் மருந்து வேலை செய்துகொண்டே இருக்கும். அப்புறம் லோ சுகர்தான். ஆலையில் சூடு எகிறினால் குளிர்நீர் வால்வைத் திறப்பேன். இங்கே போன இன்சுலினைத் திரும்ப எடுக்க வழியில்லை, நிறுத்தத்தான் முடியும். ஆகவே பம்ப்பை ஓட்டும் கணக்கான அல்காரிதம் பயந்து பயந்து நடக்கிறது. சாப்பிடும் முன்பே இத்தனை கிராம் மாவுச்சத்து என்று நான் சொல்லியாக வேண்டும். கல்யாணப் பந்தியில் இலையில் விழுவதை எவன் கணக்குப் பார்ப்பது?

கணக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆய்வாளர்கள் பெர்க்மனும் கோபெல்லியும் சகாக்களோடு 1979இல் தந்த 'மினிமல் மாடல்' என்ற சர்க்கரை-இன்சுலின் சமன்பாடுகளிலேயே இன்சுலின் நேராகச் சர்க்கரையைத் தொடாது. இடையில் ஒரு மறைவான அறையை (தாமதத்தைக் காட்டக் கணக்கில் வைத்த கற்பனை அறை) கடந்துதான் வேலை செய்யும். இத்தனைக்கும் அது உடலின் இன்சுலின் உணர்திறனை அளக்க வந்த மாடல். பிறகு வர்ஜீனியா, பதுவா பல்கலைக்கழகங்கள் உருவாக்கிய, டைப் 1 நோயாளிகளைக் கணினியில் நடித்துக்காட்டும் சிமுலேட்டரை, இத்தகைய அல்காரிதங்களுக்கு விலங்குச் சோதனைக்குப் பதிலாக 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஏற்றுக்கொண்டது. பெரிய விஷயம்.

ராத்திரியில் மட்டும் இந்தப் பம்ப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. சாப்பாட்டுத் தொல்லை இல்லாததால், மெதுவாக வரும் மாற்றத்துக்கு மெதுவான மருந்தே போதும். விடியற்காலையில் வழக்கமாக ஏறும் சர்க்கரையைக்கூட எனக்குத் தெரியாமலே அமுக்கிவிடுகிறது. இரவில் எழுந்து விரலைக் குத்துவதை வீட்டில் எல்லோரும் மறந்தே போனோம்.

சரி, வாங்கலாமா? வேண்டாம், இன்னும் வேகமான இன்சுலின் வரட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 260இலேயே நிற்கும் சர்க்கரை எண்ணைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன், வேறெப்படிச் சொல்வது?