அப்பா ஊரிலேயே இருப்பதா, மகனோடு சென்னைக்குப் போவதா?

அம்பாசமுத்திரம் பக்கம் பணி ஓய்வு பெற்றவர் வீட்டில், பொங்கலுக்கு வருகிற மகன் தவறாமல் எடுக்கிற பேச்சு இது.

உளவியலாளர் எரிக் எரிக்சன் மனித வாழ்க்கையை 8 கட்டங்களாகப் பிரித்தார். இளமையில் நெருக்கம், நடுவயதில் அடுத்த தலைமுறைக்கு ஏதாவது ஆக்கித் தருவது, முதுமையில் வாழ்ந்த வாழ்க்கையை ‘சரி, இப்படித்தான்’ என்று ஏற்பது. ஏற்க முடியாவிட்டால் விரக்திதான்.

இந்தக் கடைசி வேலைக்கு ஊர்தான் தோது. காலையில் தாமிரபரணியில் குளியல், டீக்கடை பெஞ்சில் பேப்பர், “அண்ணாச்சி, அந்த வரப்புத் தகராறு எப்படித் தீர்ந்துச்சு?” என்று கேட்க ஓர் ஆள். அவர் வாழ்ந்ததற்குச் சாட்சிகள் அங்கேதான் இருக்கிறார்கள். மிச்சக் காலம் கொஞ்சம்தான் என்று உணர்பவர்கள் புதுப் பழக்கம் தேடாமல், மனதுக்கு நெருங்கிய சிலரையே வைத்துக்கொள்வார்கள் என்கிறார் முதுமையை ஆராயும் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன். லிப்டில் சிரிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அந்தச் சிலரில் சேரமாட்டார்.

சென்னையில் ஆஸ்பத்திரி பக்கம். பேத்திக்குக் கணக்குச் சொல்லித் தரலாம். அதுவும் எரிக்சன் சொன்ன ஆக்கித் தருகிற வேலைதான்.

என் கணக்கில், இருவரும் இருக்கும்வரை ஊர். அம்மா முந்திவிட்டால், சோறு வடிக்கத் தெரியாத அப்பாவுக்கு (நம் பக்கம் அவர்கள்தான் அதிகம்) சென்னை. ஆச்சிகள் தனியாகவே சமாளிப்பார்கள். வீட்டை மட்டும் விற்க வேண்டாம். ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தால் தங்க இடம் வேண்டுமே.