மாரி வளவில் குருவிகளுக்கு: அரிசியா, சருகா?

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் யாழ்ப்பாணத்து வளவுகளில் பறவைச் சத்தம் கூடும். அவற்றுக்கு இரை கொடுக்க ஆசைப்பட்டால் முற்றத்தில் அரிசி போடலாம்; அல்லது வளவின் ஒரு மூலையைக் கூட்டாமல் விடலாம்.

அரிசிக்குப் பலன் உடனே தெரியும். காகம், மைனா, புறா, பின்னால் அணில் என்று வந்துவிடும். பிள்ளைகளுக்குக் காட்ட நல்லது. ஆனால் மாரியில் நனைந்த அரிசியில் பூஞ்சணம் பிடிக்கும். அது குருவிகளுக்கு நோய். மிச்சம் இரவில் எலிக்கு. போடுவதென்றால் காலையில் ஒரு பிடி போதும். உப்புச் சோறு வேண்டவே வேண்டாம்.

சருகு மூலைக்குப் பொறுமை வேண்டும். மா இலையும் பலா இலையும் ஊறிக் கிடக்கும் இடத்தில் மண்புழு, கறையான், வண்டுப்புழு பெருகும். புலுனிகள் கூட்டமாக வந்து இலை புரட்டும். ஆறுமணிக்குருவியும் அங்கேதான் வரும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே பறந்து வருகிற குருவி அது. பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு, கட்டை வால். அரிசியைத் திரும்பியும் பாராது. ஈர இலையை அலகால் தள்ளி, கொத்தி, இரண்டு துள்ளல் துள்ளி மறுபடி கொத்தும். விடிய எழும்பி வளவு முழுக்கக் கூட்டி எரிக்கிற வீட்டில் அதற்கு ஒன்றுமில்லை.

என் தெரிவு சருகுதான். பாம்புப் பயம் நியாயமானது; அதனால் வீட்டுக்கும் கிணற்றடிக்கும் தள்ளி, வேலியோரம் விடுங்கள். சிரட்டைகளை மட்டும் அதற்குள் போடாதீர்கள், தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும்.