வந்தவர் ஏன் வாங்காமல் போனார்? கூகுள் அனலிட்டிக்ஸ், கிளாரிட்டி, மட்டோமோ

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வர்த்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருக்கு நான்தான் இணையதளம் போட்டுக் கொடுத்தேன். தைப்பூசக் காவடி நெருங்கினால் கூட்டம் வரும். மற்ற மாதங்களில் நாளைக்கு நாற்பது பேர் எட்டிப் பார்த்தாலே பெரிது. "கடைக்குள்ள வர்றவங்க மூஞ்சியப் பாத்தா வாங்குற ஆளான்னு தெரிஞ்சிடும் தம்பி. இதுல யாரு வந்தா, ஏன் போனான்னு ஒண்ணும் புரியலியே" என்றார். அதற்காகத்தான், தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கருவிகளான கூகுள் அனலிட்டிக்ஸ், கிளாரிட்டி, மட்டோமோ மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

எல்லோரும் முதலில் போடுவது கூகுள் அனலிட்டிக்ஸ். பழைய யுனிவர்சல் பதிப்பு 2023 ஜூலை 1 முதல் கணக்கெடுப்பதை நிறுத்தியதால் இப்போது இருப்பது நான்காம் பதிப்பான ஜிஏ4. ஆள் கூகுள் தேடலிலிருந்து வந்தாரா, ஃபேஸ்புக்கிலிருந்து வந்தாரா என்று சொல்வதில் இதை அடிக்க ஆளில்லை. கூகுள் விளம்பரத்துக்கு ரேண்ட் கொட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம். வாட்ஸாப் இணைப்பைத் தட்டினால் வெளியேறும் கிளிக்காகத் தானே எண்ணிக்கொள்ளும். பாதி ஆர்டர் வாட்ஸாப்பில் வரும் கடைக்கு இது பெரிய உதவி.

ஆனால் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. நேர மண்டலத்தைத் தென்னாப்பிரிக்காவுக்கும் நாணயத்தை ரேண்டுக்கும் மாற்ற வேண்டும். விரிவான அலசலுக்கான தரவு, நாம் மாற்றாவிட்டால், 2 மாதத்தில் அழிந்துவிடும். அதை 14 மாதமாக்கினால்தான் இந்தத் தைப்பூசத்தைப் போன தைப்பூசத்தோடு ஒப்பிட முடியும். இன்னொரு பொறி: பணம் கட்டும் தளத்துக்குப் போய்த் திரும்பும் வாடிக்கையாளரை, அந்தத் தளமே அனுப்பிய புது ஆள் என்று எழுதிவிடும். அந்த முகவரியை விலக்குப் பட்டியலில் சேர்க்கும்வரை, எங்கள் விற்பனை முழுவதும் ஏதோ வங்கி புண்ணியத்தில் நடந்ததுபோலத் தெரிந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் எண்ணிக்கை. நாற்பது பேரில் இருவர் வாங்கினால் 5 சதவீதம், மறுநாள் மூவர் வாங்கினால் 7.5. கோடு துள்ளி ஏறும். நடந்தது என்னவோ, ஒரு ஆன்ட்டி சாம்பிராணி வாங்கினார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் மைக்ரோசாஃப்டின் கிளாரிட்டி ஜெயிக்கிறது. இதுவும் இலவசம். வந்தவர் எங்கே விரல் வைத்தார், எதுவரை உருட்டினார் என்பதை வீடியோபோல ஓட்டிக் காட்டும். சாதாரணமாகப் பதிவுகள் 30 நாள் இருக்கும். அக்காவோடு உட்கார்ந்து இருபது பதிவு பார்த்தேன். குத்துவிளக்குப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க ஆறேழு பேர் தட்டு தட்டென்று தட்டியிருந்தார்கள், படம் அசையவில்லை. இன்னும் சிலர் கடைசிப் பக்கத்தில் கூரியர் கட்டணத்தைக் கண்டதும் காணாமல் போனார்கள். எந்த வரைபடமும் இதைச் சொல்லியிருக்காது. "அட, என் கடையில விளக்க எடுத்துத் தூக்கிப் பாக்காம எவன் வாங்குவான்?" என்றார் அக்கா.

ஒருவர் பின்னாலேயே நடப்பதுபோல இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. பெயர், முகவரி கேட்கும் கட்டத்தில் வந்தவர் எழுதுவதை கிளாரிட்டி மறைத்துவிடும். அது போதாதென்று எல்லா எழுத்தையும் மறைக்கும் கண்டிப்பான அமைப்பை வைத்தேன். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவில் இணைய அடையாளக் குறியும் தனிநபர் தகவல்தான். 2021 ஜூலை 1 முதல் அமலாகும் அதில் அபராதம் 1 கோடி ரேண்ட் வரை போகலாம். என்ன பதிவாகிறது, அது எங்கே போகிறது என்பதைத் தனியுரிமைப் பக்கத்தில் எழுதியே ஆக வேண்டும்.

தரவு வெளியே போவதே பிடிக்காதவருக்கு மட்டோமோ. முன்பு பிவிக் என்ற பெயரில் இருந்தது. பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் என்ற மென்பொருள்கள் உள்ள நம் சொந்த ஹோஸ்டிங்கிலேயே இலவசமாக ஓடும். வந்தவரின் உலாவியில் குக்கி என்ற சிறு அடையாளக் கோப்பை வைக்காமலும் எண்ணும். ஆனால் வீடியோ பதிவும், எங்கே அதிகம் தட்டினார்கள் என்று நிறத்தில் காட்டும் ஹீட்மேப்பும் வேண்டுமென்றால் தனியாகக் காசு. அப்டேட்டும் நம் தலையில். டாக்டர், வக்கீல் தளமாக இருந்தால் யோசிக்காமல் இதைத்தான் போடுவேன். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் கிடக்கும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற கணக்கெடுப்புக் கருவியின் எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம், அதில் ஏகப்பட்டது ஆளில்லாமல் தானே தளங்களைச் சுற்றிவரும் ரோபோ நிரல்கள்.

அக்காவின் தளத்தில் இப்போது கிளாரிட்டி ஓடுகிறது, ஜிஏ4 ஓரமாக இருக்கிறது. விளக்குப் படம் தட்டினால் பெரிதாகிறது, கூரியர் கட்டணம் சாமான் விலைக்குக் கீழேயே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தியதும் பத்துப் பதிவு பார்த்துவிட்டு எனக்கு வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்புகிறார், போன வாரம் வந்தது, "தம்பி, ஒருத்தி கற்பூரத்தையே மூணு நாளா வந்து பாத்துட்டுப் போறா, என்ன கேக்குறான்னு தெரியலியே."