சிப்பி ஓட்டில் புழு: நல்ல தண்ணியா, உப்பா, வெயிலா?

மட்டக்களப்பு வாவிச் சேற்றில் கிடந்த சிப்பி ஒன்றைப் போன கிழமை திறந்தேன். உள்ஓட்டில் பெருவிரல் நகமளவு கறுத்த கொப்புளம். கத்திமுனை பட்டதும் உடைந்து சேறு கசிந்தது. அழுகின முட்டை மணம். பொலிடோரா என்ற புழுவின் வேலை இது. ஓட்டைத் துளைத்துச் சேற்றை அடைத்துக்கொண்டு குடியிருக்கும். சிப்பி சுண்ணாம்பு பூசிப் பூசி அதை மூடப் பார்த்தே மெலிந்துபோகும். தின்பவருக்குத் தீங்கில்லை, ஆனால் அந்தச் சிப்பியை எந்த ஹோட்டலும் எடுக்காது.

தண்ணி சூடேறினால் புழு கெதியாகப் பெருகும். கடலில் அமிலத்தன்மை கூடுவதால் சிப்பிக்கு ஓடு கட்டுவதும் கஷ்டமாகிறது. மட்டக்களப்பில் சிப்பி வளர்க்க நினைப்பவர்கள் கூடு இறக்குமுன்னமே இதற்கு வழி பார்க்க வேண்டும். புழுவைக் கொல்ல வழி மூன்று: நல்ல தண்ணியில் ஊறவைப்பது, உப்புக்கரைசலில் முக்குவது, வெயிலில் காயவிடுவது.

நல்ல தண்ணியில் ஊறவைப்பதை நான் நம்பவில்லை. புழு துளைக்குள்ளே பதுங்கிக்கொள்ளும். மாரியில் வாவியே உப்புக் குறைந்துதான் கிடக்கும், அதற்குப் பழகின உயிர்கள் இவை. ஆடி, ஆவணியில் கிணறு வற்றுகிற நேரம் குடிதண்ணியை இதற்கு ஊற்ற மனமும் வராது.

கடும் உப்புக்கரைசலில் சில நிமிடம் முக்கி, பிறகு காயவிடுவது நன்றாகவே வேலை செய்யும். செலவுதான் இடிக்கிறது: 100 லீற்றருக்குக் கிட்டத்தட்ட 35 கிலோ உப்பு. 2025 இல் நாட்டில் உப்புக்குப் பட்ட பாட்டை மறக்க முடியுமா?

மிஞ்சுவது காயவிடுதல். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1880களில் இந்தப் புழு அடிமட்டச் சிப்பிப் படுகைகளை அழித்தபோது, வற்றில் வெளியே தெரியும் உயரத்துக்குச் சிப்பியை ஏற்றித்தான் தப்பினார்கள். அங்கே கடலே வற்றி வேலையைச் செய்தது. நமது கரையில் வற்றுப்பெருக்கு அரை மீற்றர் அளவுதான். முகத்துவாரத்தை மண் மூடினால் வாவிக்குள் அதுவும் இல்லை. கம்பு நட்டுச் சிப்பியை ஏற்றிவிட்டு, தண்ணி வற்றுமென்று காத்திருந்து பயனில்லை. மிதவைக்கூட்டைக் கிழமைக்கொரு தடவை கையால் புரட்டி, சிப்பியை ஒரு நாள் தண்ணிக்கு மேலே வைக்க வேண்டும். உடல்வேலைதான், ஆனால் காசுச் செலவு குறைவு. என் தெரிவு இதுவே.

கச்சான் என்ற சூட்டுக்காற்று வீசும் மாதங்களில் மட்டும் பயம். அந்தச் சூட்டில் புழுவோடு சிப்பியும் செத்துவிடும், குஞ்சுச் சிப்பி முதலில் போகும். அப்போது கூட்டுக்கு மேலே கிடுகு போட்டு நிழலில் காற்றாட விடலாம். முதலில் பத்துச் சிப்பியை மட்டும் காயவிட்டு, அடுத்த நாள் இரண்டு மூன்றைத் திறந்து பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். உப்புக்கரைசலை, புழு மிஞ்சிப்போன கூடுகளுக்கென்று வைத்துக்கொள்வேன்.