ராஷ்டிரபதி விருதா, முதலமைச்சர் இளைஞர் விருதா?

தர்மபுரி பக்கம் சேவையில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். இல்லை.

சாரணர் இயக்கத்தின் ராஷ்டிரபதி விருது படிப்படியாக ஏறுவது. பிரவேஷ் (நுழைவு), மூன்று சோபான் (படிகள்), ராஜ்ய புரஸ்கார் (மாநில விருது), அப்புறம்தான் இது. யாரோடும் போட்டியில்லை, தேறினால் கிடைக்கும். முடிச்சு, முதலுதவி, முகாம் எல்லாம் உண்டு. சேவை ஒரு பகுதிதான்.

முதலமைச்சர் மாநில இளைஞர் விருதுக்கு வயது 15 முதல் 35. மாநிலம் முழுவதற்கும் ஆண்கள் 3, பெண்கள் 3 பேர்தான். சுதந்திர தினத்தில் தருவார்கள். இங்கே சேவையேதான் எல்லாம்.

சேவைக்கு நம்மூரில் வேலையா இல்லை? ஆழ்துளைக் கிணற்று நீரில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு இருக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்ற அளவு. வேறு நீர் இல்லையென்றால் 1.5 வரை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்த தெருவிலும் சமையலுக்கு எந்த நீர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதலாம், மாதிரி எடுத்துச் சோதனைக்குக் கொடுக்கலாம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். இதைப் பாட்டிமாரை நம்ப வைப்பதற்கே ஒரு மாதம் ஆகும்!

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்றால் ராஷ்டிரபதிதான் சரி. கல்லூரி முடித்து ஊரிலேயே இருப்பவர் இதே வேலையை நாலைந்து வருடம் இழுத்துச் செய்து, பதிவேடும் வைத்திருந்தால், இரண்டாவதற்கு விண்ணப்பிக்கலாம். மரக்கன்று நட்ட போட்டோ மட்டும் கையில் இருந்தால் வேண்டாம்.