பூட் ஆகாத ஹார்ட் டிஸ்க்: பழுது பார்ப்பதா, நகல் எடுப்பதா?

கடந்த ஐப்பசி மழையின்போது, மேற்கு மாம்பலத்தில் என் அக்கா வீட்டு மேசைக் கணினி, மின்சாரம் போய் வந்த ஒரு மாலைக்குப் பிறகு விண்டோஸுக்குள் போகவே மறுத்தது. திரையில் புள்ளிகள் வட்டமடித்தன, தானே பழுது பார்த்துக்கொள்வதாகச் செய்தி வந்தது, பிறகு மறுபடியும் அதே புள்ளிகள். கேபினெட்டின் பக்கத்தில் காதை வைத்தபோது, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுரண்டுவது போன்ற மெல்லிய ஒலி கேட்டது. உள்ளே இருந்தது 1 டிபி ஹார்ட் டிஸ்க். அதில் பதினோரு ஆண்டுப் புகைப்படங்கள். விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் பழுது பார்க்கும் நிரலான செக் டிஸ்க்கை ஓட்டினால் சரியாகிவிடும் என்றார் எதிர் வீட்டுக்காரர். டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு, வேறொரு கணினியில் இணைத்து வேண்டியதை காப்பி செய்துகொள்ளலாம் என்றான் அக்கா மகன். முதலில் முழு டிஸ்க்கையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுக்க, அதாவது குளோன் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த மூன்றில் எது சரி என்பது டிஸ்க்கின் நிலையைப் பொறுத்தது. ஆகவே அதை முதலில் அறிய வேண்டும். பென் டிரைவிலிருந்து லினக்ஸை பூட் செய்து, டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவைப் படித்தால் போதும். அதில் 199ஆம் எண்ணின் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள்தான். ரிச்சி தெருவில் புதியது வாங்கி மாற்றினால் வேலை முடிந்தது. 5 என்பது பழுதானதால் ஏற்கெனவே ஒதுக்கி மாற்றப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு கட்டங்கள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. அக்காவின் டிஸ்க்கில் 197க்கு எதிரே மூன்றிலக்க எண் நின்றது.

செக் டிஸ்க்கை நான் குறைத்துப் பேசவில்லை. டிஸ்க் உடல்நலத்துடன் இருந்து, மின்வெட்டால் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமை மட்டும் குழம்பியிருந்தால் அதைவிட எளிய மருந்து இல்லை. ஆனால் அதன் நோக்கம் கோப்பு முறைமையை ஒழுங்குக்குக் கொண்டுவருவதே தவிர, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவதன்று. எந்தக் கோப்புறைக்குச் சேர்ந்தது என்று தெரியாத துண்டுகளை அது பெயர் இழந்த கோப்புகளாக ஒதுக்கிவிடும். அந்தத் திருத்தங்களையெல்லாம் சாகக் கிடக்கும் அதே டிஸ்க்கின் மேலேயே எழுதும். மோசமான செக்டார்களைத் தேடச் சொன்னால், மிச்சமிருக்கும் ஆயுளை முழுவதையும் படிப்பதிலேயே செலவிடும்; அவ்வளவுக்குப் பிறகும் உங்கள் கையில் ஒரு நகல்கூட இருக்காது. விண்டோஸ் பூட் ஆகும்போது இதைத் தானாகவே தொடங்கக்கூடும் என்பதால்தான், இன்னொரு முறை ஆன் செய்து பார்ப்போம் என்ற ஆசையைக் கைவிடச் சொல்கிறேன்.

யுஎஸ்பி கேஸ் வழி இதைவிடப் பாதுகாப்பானது. தேவை ஒரே ஒரு கோப்புறை, டிஸ்க்கும் இப்போதுதான் தடுமாறத் தொடங்கியிருக்கிறது என்றால் நானும் அதையே செய்வேன். சிக்கல் என்னவென்றால், படிக்க முடியாத ஒரு கோப்பில் விண்டோஸ் முட்டி நின்றுவிடும்; அதன் பின்னால் வரிசையில் நிற்கும் நூறு நல்ல கோப்புகளும் காத்திருக்க வேண்டும். மேலும், மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி மின் அடாப்டர் உள்ள கேஸ் வேண்டும். லேப்டாப் டிஸ்க்குக்கு வாங்கிய சிறிய கேஸ் உதவாது.

குளோன் எடுக்க நான் பயன்படுத்தியது டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் நிரல். எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, தடுக்கும் இடங்களைத் தாண்டிச் சென்று, கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பும். எதுவரை படித்தது என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊர் மின்சாரத்துக்கு இது பெரிய வரம். ஆனால் அந்த மேப் கோப்பை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். முதல் இரவு நான் அதை பென் டிரைவ் லினக்ஸின் ஹோம் கோப்புறையிலேயே விட்டுவிட்டேன். அது உண்மையில் மின்சாரம் போனால் அழிந்துவிடும் ராமில்தான் இருக்கிறது என்பது விடியற்காலை மின்சாரம் போனபோது உறைத்தது. இரண்டாம் முறை வேறொரு பென் டிரைவில் வைத்தேன், டிஸ்க் சூடாகாமல் இருக்க எதிரே ஒரு மேசை விசிறியையும் ஓடவிட்டேன்.

இந்த வழியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அதே அளவோ அதற்கு மேலோ உள்ள புது டிஸ்க் முன்கூட்டியே வேண்டும். எது மூலம், எது நகல் என்பதை மாற்றிக் கொடுத்தால் எல்லாம் போயிற்று. ஆகவே வரிசை எண்ணை டிஸ்க்கின் லேபிளோடு ஒப்பிட்ட பிறகே என்டர் தட்ட வேண்டும். நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் 1 டிபி மூன்று மணி நேரத்துக்குள் முடியும்; பழுதான டிஸ்க்கில் நாள்கணக்காகலாம், எங்களுக்கு மூன்று நாள் ஆனது. விண்டோஸின் பிட்லாக்கர் என்ற மறையாக்கப் பூட்டு இருந்தால் நகலிலும் அது அப்படியே இருக்கும். 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் 'டக் டக்' என்று அடித்தாலோ, சுழலவே இல்லை என்றாலோ மேற்சொன்ன மூன்றும் விலக்கு. அது மீட்பு ஆய்வகத்தின் வேலை. செலவு அதிகம்தான், ஆனால் ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் தட்டின் மேல் கீறலாக முடியலாம். தட்டுக்கும், அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் இடையிலான இடைவெளி நானோமீட்டர் கணக்கு என்பதால், தூசியற்ற அறை இருக்கிறதா, உள்ளே திறப்பது அவர்கள்தானா என்று கேட்ட பிறகே டிஸ்க்கைக் கொடுங்கள். 2015, 2023 டிசம்பர் சென்னை வெள்ளங்களைப் போல வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நனைந்த டிஸ்க்குக்கும் இதே விதி. காயவைத்து ஆன் செய்து பார்க்க வேண்டாம். ஃப்ரீசரில் வைக்கும் வித்தை உள்ளே ஈரத்தைத்தான் படியவைக்கும்.

குளோன் முடிந்த பிறகு எதிர் வீட்டுக்காரரின் யோசனைக்கும் இடம் கிடைத்தது: செக் டிஸ்க்கை நகலின் மேல் ஓட்டினோம், ஏனென்றால் அங்கே அது எதைக் கெடுத்தாலும் மறுபடி குளோன் செய்துகொள்ளலாம். புகைப்படங்கள் வந்துவிட்டன, ஒரு கல்யாண வீடியோ மட்டும் பாதியில் உறைந்து நிற்கிறது. விண்டோஸைப் புதிய எஸ்எஸ்டியில் நிறுவிவிட்டோம். பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்து படங்கள் போட்டு வைக்கலாமே என்று அக்கா மகன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.