படப்பலகையைப் பற்றி யாரிடம் கேட்பது? வேலூரிலிருந்து ஓர் ஒப்பீடு

வேலூர் காந்தி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். வாய்ப்பேச்சு இல்லாமல் காரியத்தை முடிப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்களிடம் இட்லிக் கடைக்காரர் விரலைக் காட்டியே கணக்கு முடித்துவிடுவார். ஆனால் என் கடைக்குச் சில ஆண்டுகளாக வேறு வகைப் படங்கள் வருகின்றன. தண்ணீர்க் குவளை, கழிப்பறை, வலிக்கும் வயிறு, பாட்டி, 'போதும்' என்று விரித்த கை. பேச்சு வராதவர்கள் தொட்டுக்காட்டிப் பேசுவதற்கான படங்கள் அவை. அவற்றை ஒட்டிவைக்கும் அட்டைதான் படப்பலகை. நான் லேமினேட் செய்து, மூலைகளை வளைத்து வெட்டி, பின்னால் வெல்க்ரோ ஒட்டித் தருவேன்.

வாங்க வருபவர்களில் பலர் என்னிடமே கேட்கிறார்கள்: "அண்ணா, இது எங்கள் பிள்ளைக்குச் சரிப்பட்டு வருமா?" லேமினேஷன்காரனிடம் கேட்கும் கேள்வியா அது? வேறு யாரிடம் கேட்பதென்று தெரியாததால் கேட்கிறார்கள். எனக்கும் ஒருகாலத்தில் தெரியாது. குடியாத்தத்தில் இருக்கும் அக்காவின் மகனுக்குப் பெருமூளை வாதம், அதாவது மூளைப் பாதிப்பால் உடலசைவு கட்டுக்குள் வராத நிலை; வயது ஒன்பது. ஆற்காட்டில் இருக்கும் பெரியப்பாவுக்குப் பக்கவாதத்தால் பேச்சு போய்விட்டது. இந்த இருவருக்காகவும் நாங்கள் ஏறி இறங்கிய படிகளை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

விற்பவரிடம் கேட்டால்

முதலில் போன இடம் ஒரு தனியார் பயிற்சி மையம். பெயர் வேண்டாம். பையனைப் பார்த்த பத்தாவது நிமிடம் டேப்லெட்டும் செயலியும் சேர்த்து விலை சொன்னார்கள். அக்கா நகையை அடகு வைத்து வாங்கினாள். உள்ளே ஆங்கிலக் குரல், பர்கர், பனிமனிதன். குடியாத்தத்து வெயிலில் வளரும் பையன் பனிமனிதனை எதற்குத் தொடுவான்? இரண்டு மாதம் கழித்துப் போய்க் கேட்டதற்கு, "உங்கள் பையனுக்கு ஆர்வம் இல்லை" என்றார்கள்.

அன்றிலிருந்து யாரிடம் போனாலும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்: "இது பலிக்காவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?" பிள்ளையின் மீது பழி போடுபவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. "படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்போம், உட்காரும் நிலையை மாற்றுவோம், கைக்குப் பதில் கண்ணால் காட்டச் சொல்வோம்" என்று வரிசையாகச் சொல்பவரிடம் உட்காரலாம்.

பேச்சுப் பயிற்சியாளர்

தகவல் என்று பார்த்தால் இவர்தான் முதலிடம், ஐயமே இல்லை. இதற்கு மற்ற ஊர்களைவிட வேலூருக்குக் கொடுப்பினை அதிகம். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்த மருத்துவர் மேரி வர்கீஸ் பணியாற்றிய ஊர் இது. இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மறுவாழ்வு நிலையம் 1966-இல் பாகாயத்தில் தொடங்கியது. இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பயிற்சியாளரால் என்ன மாறும் என்பதற்குப் பெரியப்பாவே சாட்சி. உறவினர் ஒருவர் என் கடையிலேயே அச்சடித்த எழுத்துப் பலகையை அவர் முன்னால் வைத்தார். பெரியப்பா கண்ட எழுத்தையெல்லாம் தொட்டார்; சொல் எதுவும் கூடிவரவில்லை. "மூளை போய்விட்டது" என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். பயிற்சியாளர் அரை மணி நேரம் சோதித்துவிட்டுச் சொன்னது வேறு. பக்கவாதத்துக்குப் பின் பேச்சு போவதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்றில் வாய்த் தசைகள்தான் ஒத்துழைப்பதில்லை. சொல்லும் எழுத்தும் உள்ளே பத்திரமாக இருக்கும். மற்றொன்றில் சொல்லைத் தேடி எடுக்கும் திறனே அடிபடுகிறது; பெரும்பாலும் எழுதுவதும் கூடவே போகும், அறிவு போவதில்லை. பெரியப்பா இரண்டாம் வகை. அவருக்கு எழுத்துப் பலகை கொடுத்தது கால் முறிந்தவருக்குச் சைக்கிள் கொடுத்தது போல. இப்போது வீட்டு மனிதர்கள், நிலம், ரேஷன் கடை, மாத்திரை ஆகியவற்றின் புகைப்படங்களை ஓர் ஆல்பமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். போன வாரம் வரப்புத் தகராறு ஒன்றை அதை வைத்தே விளக்கினார்.

முதல் வகைக்காரர்களுக்கு எழுத்துப் பலகை வரம். ஆனால் தமிழின் 247 எழுத்துகளையும் ஒரே அட்டையில் அடைத்தால் கண் நோகும். ஒருபக்கம் 18 மெய், மறுபக்கம் 12 உயிர், ஓரத்தில் ஓர் ஆய்தம். முதலில் மெய், பிறகு உயிர் என்று இரண்டு படியாகத் தேர்ந்தெடுக்க வைப்பது நல்ல வழி. கையும் அசையாதவருக்கு நாம் வரிசை வரிசையாக வாசிக்க, அவர் கண் சிமிட்டி நிறுத்துவார். இப்படி நான் பலகை செய்து கொடுத்த ஒரு வாடிக்கையாளர் வீட்டில் நோயாளி எழுதிய முதல் சொல் 'சன்னல்'. திறக்கச் சொல்லியிருக்கிறார். ஜ எழுத்தை நான் பலகையில் போடவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

பயிற்சியாளரின் குறை, நேரம். காத்திருப்பு நீளம், சந்திப்பு குறுகல். வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு வரும் சந்தேகத்துக்கு அவர் பக்கத்தில் இருக்க மாட்டார். தனியாகத் தொழில் செய்பவரிடம் போனால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பதிவேடு அது, கேட்பதில் தவறில்லை.

அரசு அலுவலகம்

கருவியைத் தேர்ந்தெடுக்க இங்கே போகாதீர்கள். காகிதத்துக்கும் பணத்துக்கும் போகாமல் இருக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் பேச்சு, மொழிக் குறைபாடு தனி வகை. பக்கவாதத்தில் மொழியை நிரந்தரமாக இழந்தவரும் அதில் அடங்குவார் என்பது பெரியப்பா வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. படப்பலகை போன்ற மாற்றுவழித் தொடர்பு முறைகளையும் அதே சட்டம் 'தொடர்பு' என்றே ஏற்கிறது. பள்ளியில் "பலகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்" என்றால் எடுத்துச் சொல்ல இது போதும்.

நிராமயா என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு வேறு கணக்கு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவும் சேரும். அக்கா மகனுக்கு உண்டு, பெரியப்பாவுக்கு இல்லை. 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு அக்காவுக்குச் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகம், பெரியப்பாவுக்கு ராணிப்பேட்டை. பழைய நினைப்பில் வேலூருக்கு வந்து ஒரு நாள் கூலியை இழந்தோம்.

முட்டுக்காடு

பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கிறது. ஒரே வளாகத்தில் பல துறையினரும் பார்ப்பார்கள் என்பது பெரிய வசதி. காட்பாடியில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, கழுத்து நிற்காத பிள்ளையோடு கிழக்குக் கடற்கரைச் சாலை வரை போவது பெரிய பாடு. ஆண்டுக்கு ஒருமுறை முழு மதிப்பீட்டுக்கு உகந்தது. வாராந்திரத் துணைக்கு ஆகாது.

கைப்பேசியும் பெற்றோர் வட்டமும்

கைப்பேசியில் கிடைப்பதில் பொன்னும் உண்டு. ஸ்பெயினின் அரகோன் அரசு ஆயிரக்கணக்கான படங்களை வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசமாக வைத்திருக்கிறது. 'அராசாக்' என்று தேடினால் வரும். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும். ஆனால் விஷமும் அங்கேதான். பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொள்ள, பேசாத குழந்தை கவிதையே தட்டச்சு செய்யும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவனுக்கும் இப்படி வருமாடா?" என்று அக்கா அழுதாள். அந்த முறையை 1990-களிலேயே சோதித்துவிட்டார்கள். குழந்தைக்கு ஒரு படமும் கையைப் பிடிப்பவருக்கு வேறொரு படமும் காட்டினார்கள். பிடித்தவர் பார்த்ததுதான் தட்டச்சில் வந்தது. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018-இல் மீண்டும் அதை வேண்டாம் என்று அறிவித்தது. அக்காவிடம் இதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை.

பெற்றோர் வட்டத்தில் தகவல் பாதிக்குப் பாதி. "படம் கொடுத்தால் பிள்ளை வாயால் பேசுவதை விட்டுவிடும்" என்ற பயத்தை அங்கேதான் அடிக்கடி கேட்டேன். 2006-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கவனமாக நடத்தப்பட்ட ஆய்வுகளிலிருந்து 27 பேரைப் பார்த்தது. ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 சதவீதத்தினருக்குக் கூடியிருந்தது. இதைச் சொன்ன பிறகும் ஒரு தாத்தா நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும், அவர் பேத்தி பலகையை விடவில்லை.

அப்படியிருந்தும் துணை என்ற தராசில் இந்த வட்டத்துக்கு ஈடு இல்லை. நாமும் பேசும்போது படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும், கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும் என்பவற்றை அக்காவுக்குச் செய்தே காட்டியவள் பேர்ணாம்பட்டிலிருந்து வரும் இன்னொரு தாய். குரல் யோசனையும் அவளுடையதுதான். செயலி செய்தி வாசிப்பவர் தோரணையில் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றால் தெருப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனை வைத்து, வீட்டில் பேசுகிறபடியே நாற்பது வாக்கியங்களைப் பதிவு செய்தோம். இப்போது அந்தக் குரலில்தான் அவன் கிரிக்கெட்டில் அவுட் கேட்கிறான், பந்தைப் பார்க்காமலேயே.

ஆக, என் வரிசை இது: தேர்வுக்குப் பயிற்சியாளர், அன்றாடத்துக்கு இன்னொரு வீட்டார், காகிதத்துக்கு ஆட்சியர் அலுவலகம். முதல் இரண்டையும் ஒரே வாரத்தில் பிடித்துவிடுங்கள். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டாம். விற்பவர் கடைசி.

அந்த விற்பவரில் நானும் அடக்கம். இப்போதெல்லாம் பலகை கேட்டு வருபவரிடம் யார் பார்த்துச் சொன்னது என்று கேட்கிறேன். "யாரும் சொல்லவில்லை, நாங்களே" என்றால் எட்டுப் படங்களை மட்டும் அச்சடித்துக் கொடுத்து, மீதியைப் பயிற்சியாளரைப் பார்த்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று அனுப்பிவிடுகிறேன். சிலர் அடுத்த தெருக் கடையில் முழுப் பலகையாக அடித்துக்கொள்கிறார்கள்.